ஒசரி கட்டுவதென்ன பெரிய விஷயமா?

தெரியாத வேலையைச் செய்ய எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. தெரிந்த வேலைக்குத்தான் கை நடுங்கும். ரசம் வைக்கச் சொன்னால் புளி கூடிவிடுமோ என்று யோசித்து யோசித்தே அடுப்பு அணைந்துவிடும். ஆனால் ரேடியோவைத் திருத்தச் சொன்னால் அடுத்த நிமிடமே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். (அந்த ரேடியோ இப்போது எங்கே என்று அம்மாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.) என்னுடைய இந்த வியாதி ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அம்பலமானது கவிதாவின் கல்யாணத்தில்.

கவிதா என் சித்தப்பா மகள். கண்டிக்குப் பக்கத்தில் கலஹாவில் வளர்ந்து பேராதனைக்கு வேலைக்குப் போனவள், அங்கே சமிந்த என்ற சிங்களப் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் அழுகை, கோபம், பட்டினி எல்லாம் முடிந்து ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தாள். காலையில் கோயிலில் தாலி, பிறகு குண்டசாலையில் ஒரு மண்டபத்தில் அவர்கள் முறைப்படி போருவ என்று ஏற்பாடு. போருவ என்பது மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி நிற்கிற அலங்கார மேடை. சுபநேரம் தவறாமல் வலது காலை வைத்து ஏற வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சமிந்தவின் அம்மா அதுவரை கவிதாவைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. "அவங்க முன்னுக்கு ஒசரி கட்டிக்கிட்டு அழகா ஏறணும் அக்கா. அதைப் பாத்தாவது அவங்க மனசு மாறணும்" என்று கவிதா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒசரி என்றால் கண்டிப் பெண்கள் கட்டுகிற சேலைக் கட்டு. இடுப்பைச் சுற்றி ஒரு மடிப்புச் சுருக்கம் பூப்போல விரிந்து நிற்கும். கண்டி டவுனில் பஸ் ஏறினால் பத்துப் பேராவது அப்படிக் கட்டியிருப்பார்கள்.

அன்றைக்குக் கோயில் முடிந்து மண்டபத்து அறைக்குள் வந்து சேர்ந்தோம். அலங்காரத்துக்குச் சொல்லியிருந்த பெண் வரவில்லை. மாவனல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறி குறுக்கே நின்று, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் வேனுக்குள் இருக்கிறாராம். போனை வைத்துவிட்டுச் சித்தி எங்களைப் பார்த்தார்.

"இப்ப யாருக்குடி ஒசரி கட்டத் தெரியும்?"

அறைக்குள் இருந்தது நானும் என் தங்கை ரேணுவும். ரேணு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சிங்களப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். அங்கே டீச்சர்மார் எல்லாரும் ஒசரி என்பதால் இவளும் தினமும் ஒசரிதான் கட்டிக்கொண்டு போகிறாள். திரும்பவும் சொல்கிறேன், தினமும். அப்படிப்பட்டவள் நகத்தைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் ஏதோ ஒரு மாதிரி கட்டிக்குவேன் சித்தி. இன்னொருத்தருக்கு, அதுவும் கல்யாணப் பொண்ணுக்கு... சரியா வருமோ தெரியல."

நான் வாழ்க்கையில் ஒருநாளும் ஒசரி கட்டியதில்லை. பஸ்ஸில் பார்த்ததோடு சரி.

"ஒசரி கட்டுறதென்ன பெரிய விஷயமா? இங்க குடுங்க" என்றேன்.

சித்தி முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சேலை என் கைக்கு வந்தது.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே என் கைகளுக்கு ஒரே ஒரு கட்டுத்தான் தெரியும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. வழக்கம்போலச் சுற்றி, வழக்கம்போல முன்னால் கொசுவம் வைத்து, வழக்கம்போல முந்தானையைத் தோளில் போட்டுவிட்டேன். இடுப்பில் விரிகிற அந்தச் சுருக்கத்துக்கு மட்டும் சேலை மிச்சமில்லை. அதற்கென்ன, இங்கே கொஞ்சம் இழுத்து, அங்கே கொஞ்சம் உருவி, பின் மேல் பின்னாகக் குத்தி ஒரு சுருக்கத்தை உண்டாக்கிவிட்டேன். கவிதாவின் இடுப்பில் ஒரு கோவா (முட்டைக்கோஸ்தான்) பூத்திருந்தது.

ரேணு கதவோரம் நின்று கையைப் பிசைந்தாள். "அக்கா, முந்தானைய மொதல்ல தோள்ல குத்திட்டுத்தான் சுத்துவாங்கன்னு நெனக்கிறேன். முன்னுக்கு இப்பிடிக் கொசுவமும் வராது போல. எனக்கும் சரியாச் சொல்லத் தெரியல."

"தெரியலன்னா சும்மா இரு" என்றேன். (அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்கே ஒன்று போடலாம் போலிருக்கிறது.)

கவிதா கண்ணாடியைப் பார்த்தாள். "அக்கா, இது இப்பிடித்தான் இருக்குமா?"

"கிட்டத்துல பாத்தா அப்பிடித்தான் தெரியும். மேடையில பாரு."

மேடையில் எல்லாரும் பார்த்தார்கள். மேளக்காரர்கள் கண்டி மேளத்தை முழக்க, சுபநேரம் நெருங்க, கவிதா வலது காலைத் தூக்கிப் போருவவில் வைத்தாள். வைத்த கால், அங்கே இருந்திருக்கவே கூடாத என் கொசுவத்தின் மேல் விழுந்தது. அடுத்த காலைத் தூக்கும்போது கொசுவம் முழுக்க உருவிக்கொண்டு வந்தது. அதை நம்பி நின்ற கோவாவும் போனது. பின்கள் பறந்தன. கவிதா இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்று அப்படியே நின்றாள். சமிந்தவின் அம்மா கதிரையை விட்டு எழும்பினார்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஒன்னுமில்ல, ஒரு பின் குத்தினா சரி" என்று பின்னும் கையுமாக மேடைக்கு ஓடினேன்.

கவிதா போட்டோக்காரருக்காக வைத்திருந்த சிரிப்பை மாற்றாமலே பல்லுக்குள்ளே சொன்னாள்:

"அக்கா, கிட்ட வராதீங்க."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

என்னை விலக்கிவிட்டு முன்னால் போனவள் ரேணு. கவிதாவை இறக்கி மேடைக்குப் பின்னால் கொண்டுபோனாள். சித்தியும் இரண்டு பெரியம்மாக்களும் ஒரு மேசை விரிப்பை இழுத்துத் திரையாகப் பிடித்தார்கள். மேளக்காரர்களுக்கு யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவர்கள் முழக்கிக்கொண்டே இருந்தார்கள். பெண் மேடையில் பாதி ஏறி, இறங்கி, திரைக்குள் போவது தமிழ்ச் சடங்கு என்று சிங்களப் பக்கம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சிங்களச் சடங்கு என்று நம்ம பக்கம். பெரியப்பா எழும்பிக் கைகூப்பியே விட்டார்.

திரைக்குள் ரேணுவின் வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வாய், "ஐயோ சரியா வருமோ தெரியல, சித்தி நல்லாப் பாருங்க, இந்தப் பக்கம் தூக்கிருச்சா" என்று புலம்பிக்கொண்டே இருந்தது. கையோ முந்தானையை மடித்துத் தோளில் குத்தி, சுற்றி, இடுப்புச் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தது. தானே கட்டிவிடலாம் என்று உள்ளே நுழைந்த சமிந்தவின் அம்மா, அந்தக் கையைப் பார்த்ததும் பின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் கவிதாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் என்னை அப்போது யாரும் பார்க்கவில்லை. நேரம் தப்புவதற்குள் அவள் ஏறிவிட்டாள்.

அந்த வெட்கத்தில் நான் ரேணுவிடமே ஒசரி கட்டக் கற்றுக்கொண்டேன். படிக்கப் படிக்கத்தான் எனக்குப் பயம் வந்தது. எந்த மடிப்புத் தூக்கும், எந்த இடம் நழுவும், எவ்வளவு விட்டால் கால் தட்டும் என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அவள் அத்தனையும் தெரிந்துதான் நகத்தைக் கடித்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாததால் கடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

'அக்கா, கிட்ட வராதீங்க' எங்கள் குடும்பத்தின் தேசிய கீதமாகிவிட்டது. நான் பழுதான மிக்சியைப் பார்த்தால் போதும், சின்னதிலிருந்து பெரிசுவரை பாடும். சமிந்த தப்பில்லாமல் பேசுகிற ஒரே தமிழ் வாக்கியமும் அதுதான்.

போன வருடம் ரேணுவின் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. சிறந்த ஆசிரியை என்று அவளுக்கும் ஒரு பரிசு. (அதற்கும், "ஆளைத் தெரியாமக் குடுக்கிறாங்க போல" என்றாள்.) அதற்கு முந்தின வாரம் அவள் படியில் வழுக்கி விழுந்து, வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள். விழாவன்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டாள். போனேன். சேலையைக் கையில் வாங்கியதும் என் நகம் தானாக வாய்க்குப் போனது. அம்மா ஒரு டின் நிறையப் பின்னோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.

"ரேணு, சரியா வருமோ தெரியலடி."

ரேணு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பிடின்னா சரி. கிட்ட வா" என்றாள்.