கண்கலங்கியோர் நலச் சங்கம்

உலகம் இன்னும் அழியாமல் இருப்பதற்கு எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு முக்கியக் காரணம் என்பதை, சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், மிகுந்த தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன். வேறு காரணங்களும் இருக்கலாம். அவை எங்கள் பொதுக்குழுவின் பார்வைக்கு வரவில்லை.

எல்லாம் ஓர் ஆவணப்படத்தில் தொடங்கியது. பருவநிலை மாற்றம் பற்றிய படம். எடுத்தவர் ஓர் இளம்பெண், எங்கள் ஊர்க்காரர்தான். ஏதோ வெளிநாட்டு விழாவில் அதற்குப் பரிசு கிடைத்ததாகத் தலைவர் கேள்விப்பட்டார். பரிசு வாங்கிய படமென்றால் பயமில்லாமல் பாராட்டலாம் என்பது அவர் கொள்கை. கூட்ட அரங்கில் திரை கட்டினோம். வெப்பமயமாதலைப் பற்றிச் சிந்திக்கக் குளிர்ச்சியான சூழல் அவசியம் என்று ஏகமனதாக முடிவாகி, ஏ.சி. முழு வேகத்தில் வைக்கப்பட்டது. பலர் ஸ்வெட்டரோடு வந்து அமர்ந்தார்கள்.

படம் ஓடியது. பனிப்பாறை உருகியது. நாங்களும் உருகினோம். பிளந்து கிடந்த வயலைக் காட்டியபோது எனக்குப் பின்னால் இருந்த பல் டாக்டர், "அடடா, என்ன கலரு, என்ன கலரு!" என்று விம்மினார். பிறகு வெள்ளம் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண், தலையில் கேஸ் அடுப்பைச் சுமந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி தெருவைக் கடக்கிறாள். பின்னணியில் ஒற்றை வயலின். அரங்கில் மூக்கு உறிஞ்சாதவர் யாருமில்லை.

அப்போது என் மனைவி என் விலாவில் இடித்தாள்.

"ஏங்க, இது நம்ம வீட்டுல சமைக்கிற அக்கா இல்ல?"

உற்றுப் பார்த்தேன். அவளேதான்.

"அப்போ, போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சுன்னு லீவு கேட்டாளே, அது நெசமா?"

"படத்துலயே வருதே. நெசமாத்தான் இருக்கும்."

"ஐயோ, பொய் சொல்றான்னு கன்னாபின்னான்னு திட்டிட்டேங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே லீவு கேட்டா, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிடணும்."

கலை ஒரு மனித மனத்தைத் திருத்தும் கணத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

செய்தி வரிசை வரிசையாகப் பரவியது. படத்தில் வருவது 'நம்ம ஆள்' என்று தெரிந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விளக்கு போட்டதும் 'கலந்துரையாடல்'. இயக்குநர் மேடையேறினார்.

"அந்தத் தெரு உங்க பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. மழை பெஞ்சா அங்க முழங்கால் அளவு தண்ணிதான் நிக்கும். உங்க பேஸ்மென்ட் பார்க்கிங்ல சேர்ற தண்ணிய மோட்டார் வெச்சு மதிலுக்கு மேல அவங்க தெருவுல விடுறீங்க பாருங்க, அப்பதான் அது இடுப்புக்கு ஏறுது."

பல் டாக்டர் கை தூக்கினார்.

"மேடம், அந்த ஷாட் ட்ரோன்ல எடுத்ததுங்களா?"

"இல்ல சார். கேமராமேன் தண்ணிக்குள்ள நின்னு எடுத்தாரு."

பலத்த கைதட்டல். அடுத்துத் தலைவர் எழுந்தார்.

"படத்துல எங்க பில்டிங் பேரு எங்கயாச்சும் வருதாம்மா?"

"வரல சார்."

"அப்போ நான் தயங்காம சொல்றேன். இது ஒரு காவியம்."

அதற்கும் கைதட்டல். ஆனால் இயக்குநர் விடுவதாக இல்லை. "உங்க பேட்மிண்டன் கோர்ட்டுப் பக்கம் பெருசா ஒரு மழைநீர்த் தொட்டி தோண்டினா போதும் சார். மோட்டார் தண்ணி மொத்தமும் அதுக்குள்ள போயிடும்."

"கோர்ட்டு?"

"ஒரு ஓரம் கொஞ்சம் போகும்."

தலைவர் அன்பாகச் சிரித்தார். "நீங்க பருவநிலையப் பத்திப் பேசுங்கம்மா, நல்லா பேசுறீங்க. பேட்மிண்டன எங்ககிட்ட விட்டுடுங்க."

அன்றே 'ஆழ்ந்த கவலை' தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றினோம். 'ஆழ்ந்த' போதுமா, 'மிக ஆழ்ந்த' வேண்டுமா என்று காரசாரமாக விவாதம் நடந்தது. கடைசியில் 'மிக ஆழ்ந்த' என்றே போட்டோம். ஆக, தொட்டியைத் தோண்டாமல் கவலையைத் தோண்டினோம்.

நாங்கள் வெறும் பேச்சோடு நிற்கிறவர்கள் அல்ல. படம் பார்த்த பாதிப்பில் தலைவர் பெட்ரோல் காரை விற்றுவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்கினார். சத்தம் கிடையாது, புகை கிடையாது. சார்ஜ் போடும் வசதி பேஸ்மென்ட்டின் பள்ளமான மூலையில் இருந்ததால் அங்கேயே நிறுத்தினார். ஆளாளுக்கு இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தோம். தொடும்போதே பூமி கொஞ்சம் குளிர்ந்ததைப் போல இருந்தது.

பிறகு மழை பிடித்தது.

காலையில் அக்கா லீவு கேட்டாள். "வீடியோ?" என்றாள் என் மனைவி.

"தண்ணி வந்தாத்தானேம்மா வீடியோ எடுக்க முடியும்?"

"அப்போ வந்ததும் லீவு எடுத்துக்கோ. யாரு வேணாங்கிறா?"

நியாயமான பதில். அக்கா சமையலைப் பார்த்தாள். மதியத்துக்குள் மழை வலுத்தது. பேஸ்மென்ட்டில் தண்ணீர் தேங்குவதாகக் காவலாளி சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு நான் செருப்பு மாட்டும்போது, அக்கா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடப்பவர்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் மோட்டார் போடாதீங்க சார். அவரால எந்திரிக்க முடியாது. மழைத் தண்ணி மட்டும்னா கட்டிலுக்குக் கீழயே நின்னுடும். நான் போய் நாலு பேரக் கூப்பிட்டு அவரைத் தூக்குற வரைக்குமாவது பொறுத்துக்கோங்க சார்."

இவளைத் திரையில் பார்த்தபோது எனக்கு உடனே அழுகை வந்தது. நேரில் பார்த்தபோது, வயலின் இல்லாததாலோ என்னவோ, வரவில்லை. இருந்தாலும் நானும் மனுஷன்தான். தலைவருக்குப் போன் போட்டேன்.

"தலைவரே, நம்ம வீட்டு அக்காவோட வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருக்காராம். மோட்டாரக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?"

"என்னய்யா பேசுற? கீழ என் வண்டி நிக்குது! பேட்டரிக்குள்ள தண்ணி போச்சுன்னா அவ்வளவுதான்."

"மேல கொண்டாந்து நிறுத்திடுங்களேன்."

"மேல எங்க இடம் இருக்கு? பேட்மிண்டன் கோர்ட்டுலயா?"

"நிறுத்தலாமே தலைவரே."

"இப்பதான்யா புதுசா கோடு போட்டோம்!" அவர் குரல் சட்டென்று கனிந்தது. "இங்க பாரு, அது என் வண்டின்னு நெனைக்காத. பூமிக்காக வாங்கின வண்டி. பூமி பெருசா, ஒரு கட்டில் பெருசா? நீயே சொல்லு."

பூமிதான் பெரிது. பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன்.

நான் திரும்பியபோது வாசலில் அக்கா இல்லை. அடுப்பைக்கூட அணைக்காமல் மழையில் ஓடியிருந்தாள். "சொல்லாமக் கொள்ளாமப் போறதைப் பாருங்க" என்று அலுத்துக்கொண்டே என் மனைவி அடுப்பை அணைத்தாள். நான் போய் மோட்டாரைப் போட்டேன்.

எங்கள் பால்கனியிலிருந்து அந்தத் தெரு நன்றாகத் தெரியும். எல்லா பால்கனியிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி, அதன்மேல் அக்காவின் கணவரைப் படுக்க வைத்து, தெருக்காரர்கள் தோளில் தூக்கி வந்தார்கள். மதிலுக்கு மேலிருந்து எங்கள் தண்ணீர் அவர்கள் முகத்திலேயே கொட்டியது. ஒருவர் கால் வழுக்கியது. கதவு சாய்ந்தது. அக்கா மார்பளவுத் தண்ணீரில் நின்று அதன் அடியில் தோளைக் கொடுத்தாள். அந்த மனிதர் அலறிய அலறல், மோட்டார் சத்தத்தையும் மீறி எங்கள் மாடிவரை கேட்டது. பக்கத்து பால்கனியில் பல் டாக்டர் செல்போனைப் பிடித்தபடி தேம்பினார். என் மனைவியும் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

காரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அக்காவின் கணவர் உயிருக்கு ஆபத்தில்லை. கூடி வந்த எலும்பு மறுபடி விலகிவிட்டதாம். அக்கா வேலைக்கு வரவில்லை. என் மனைவி போன் செய்து, எப்போது வருவாய் என்று கேட்டாள்.

"எங்க வீட்டுத் தரையே இன்னும் காயலம்மா. உங்க அடுப்ப நீங்களே பத்த வெச்சுக்கோங்க."

படத்தில் நடித்தாலே இப்படித் தலைக்கனம் வந்துவிடுகிறது.

தலைவர் இயக்குநரைத் தொடர்புகொண்டு, பல் டாக்டர் எடுத்த காட்சியை அனுப்பி, அடுத்த படத்தில் சேர்த்துக்கொண்டு அதை முதலில் எங்கள் அரங்கிலேயே திரையிட வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண் போனை வைத்துவிட்டார். அவருக்கு என்ன கோபம் என்று சங்கத்தில் யாருக்கும் புரியவில்லை. ஒரு படத்துக்கு இதற்குமேல் பார்வையாளர்கள் என்னதான் செய்ய முடியும்? கண்ணீரும் நாங்கள் விட்டதுதான். தண்ணீரும் நாங்கள் விட்டதுதான்.