கற்பிட்டி மருமகன் கொழும்பில் வீடு பார்த்த விபரம்

மருதானை, கொழும்பு 10.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமா மீராசாஹிப் ஹாஜியார் அவர்களுக்கு, மருமகன் மிஹ்லார் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கும், மாமியின் வலது முழங்காலின் சுகத்துக்கும், உங்கள் படகு இஞ்சினின் சுகத்துக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் நான் "மாமா, வீடு" என்று வாயைத் திறந்தால் போதும், "ஆருக்கு வீடு? நான் தந்த வீட்டுக்கு என்ன குறை?" என்று வெட்டிவிடுகிறீர்கள். இந்த இரண்டு நாளாக அதையும் சொல்லாமலே வெட்டிவிடுகிறீர்கள். போதாததற்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதால் என் குடும்பக் கதை பள்ளிவாசல் சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது. கடிதத்தை இடையில் வெட்ட ஏலாது. கற்பிட்டி பஸ் கொண்டக்டர் றிஸ்வியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையில் ஆறுதலாக உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொழும்பில் வீடு கிடைத்துவிட்டது மாமா. அஸ்ரியாவையும் மகள் ஷிம்லாவையும் அடுத்த மாதமே கூட்டிவர உங்கள் சம்மதம் வேண்டும். "வாப்பா ஓம் எண்டால் நான் வாரேன்" என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். ஐந்து மாதமாக நான் மருதானையில் எட்டுப் பேர் படுக்கும் போடிங் அறையில், ஜன்னலோரம் ஒருவருடைய குறட்டைக்கும் கதவோரம் ஒருவருடைய இருமலுக்கும் நடுவில் கிடக்கிறேன். மகளுக்கு ஒரு பல் விழுந்து மறு பல் முளைத்ததை வீடியோவில்தான் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருப்பது உங்கள் அந்த ஒரு ஓமில்தான் இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். பாலாவியில் உப்புக் களஞ்சியத்தில் வெயிலில் நின்று லொறி எண்ணி மாதம் ஐம்பத்தையாயிரம் எடுத்த அதே மிஹ்லாருக்கு, புறக்கோட்டை மொத்தக் கடையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். முதல் சம்பளம் பேங்கில் விழுந்த மெசேஜை மூன்று தரம் படித்தேன், நாலாந்தரம் பக்கத்தில் படுக்கிறவரைப் படிக்கவைத்தேன். ஒரு பிடி உப்பை உள்ளங்கையில் அழுத்தி அதில் எவ்வளவு ஈரம் என்று சொல்ல இந்தப் புறக்கோட்டையில் என்னை விட்டால் ஆளில்லை மாமா. முதலாளியே என்னை "மாஸ்டர்" என்கிறார். பாலாவியில் என்னை "ஏய்" என்று கூப்பிட்ட லொறிக்காரர்கள் இப்போது இங்கே வந்து இறக்கும்போது அதைக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பில்லை நீட்டுகிறார்கள்.

ஆனால் வீடு தேடுவது என்று இறங்கியபோதுதான் ஒரு பெரிய உண்மை விளங்கியது. எனக்கு நாற்பத்துநாலு வயது, இந்த வயது வரைக்கும் ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று "வாடகை எவ்வளவு" என்று நான் கேட்டதே இல்லை. உம்மாவின் வீட்டில் பிறந்தேன். இருபத்தேழு வயதில், அஸ்ரியாவின் பேரில் நீங்கள் கட்டிவைத்த வீட்டுக்குள் மாலையும் தொப்பியுமாக நுழைந்தேன். எங்கள் ஊர் ஆம்பிளைக்கு வீடு என்பது மழை மாதிரி, காலம் வந்தால் தானாக வரும். ஆகவே வீடு பார்க்கப் போவது என்றால் எனக்குத் தெரிந்த ஒரே முறை, என் கல்யாணத்துக்கு முன்னால் என் வாப்பா உங்கள் வீட்டைப் பார்க்க வந்த முறைதான். நானும் அப்படியே போனேன். புதுச் சாரம், வெள்ளைச் சேர்ட், காதுக்குப் பின்னால் அத்தர், வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காகப் போன பெருநாளுக்கு நீங்கள் தந்து விட்ட கட்டாக் கருவாட்டில் இரண்டு கிலோ.

முதல் வீடு வெள்ளவத்தையில். நிலுக்சன் என்று ஒரு தரகர், நல்ல மனுஷன், மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். ஆறாம் மாடி. லிஃப்டுக்குள் நாங்கள் ஐந்து பேர், கருவாட்டோடு ஆறு. இரண்டாம் மாடியில் ஒரு அம்மா மூக்கைப் பொத்தினார், மூன்றாம் மாடியில் ஒருவர் தன் மாடி ஐந்து என்பதை மறந்து இறங்கிவிட்டார். கதவைத் திறந்த வீட்டுக்காரருக்கு நெற்றி நிறையத் திருநீறு. நான் மரியாதையாகப் பார்சலை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாசல் கதவில் "சைவச் சாப்பாட்டுக் குடும்பத்துக்கு மட்டும்" என்று பலகை தொங்குவதை நிலுக்சன் அதற்குப் பிறகுதான் எனக்குக் காட்டினார். சரி, வந்தது வந்தேன், கேட்க வேண்டியதைக் கேட்போம் என்று, "கிணறு எந்தப் பக்கம்? தென்னை எத்தனை? உறுதிப் பத்திரம் ஆருட பேர்ல இருக்கு?" என்று என் வாப்பா கேட்ட வரிசையிலேயே கேட்டேன். நிலுக்சன் என் சாரத்தைப் பிடித்து இழுத்து, "அண்ணே, நீங்க பொண்ணு பாக்க வரேல்ல, வாடகைக்கு வந்திருக்கிறீங்க" என்றார். வாடகை எவ்வளவு என்றேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். என் சம்பளத்தை யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகும் தேத்தண்ணியும் பலகாரமும் வரும் என்று கால் மணித்தியாலம் கதிரையில் இருந்திருக்கிறேன் மாமா, வந்தது மின்விசிறியை நிறுத்தும் சத்தம்தான்.

தெஹிவளையில் எழுபத்தையாயிரத்துக்கு ஒன்று. ரயில் போகும்போது அலுமாரிக் கதவு தானாகத் திறந்து, அடுத்த ரயிலுக்குத் தானாக மூடுகிறது. "பழகிடும்" என்றார் வீட்டுக்காரர். அது கூடப் பழகியிருக்கும், அவர் ஒரு வருஷ வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார். தெமட்டகொடையில் நாற்பத்தையாயிரம், ஆனால் குளிக்கும் அறைக்கு வீட்டுக்காரருடைய அடுப்பு எரியும் குசினி வழியாகத்தான் போக வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு குளிக்கக் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது. "எங்கட மாமா வந்தால்?" என்று கேட்டேன். "மாமாவும் விருந்தாளிதான்" என்றார். என் மாமாவை விருந்தாளி என்று சொன்ன வீட்டில் ஒரு நிமிஷமும் நிற்காமல் எழும்பி வந்துவிட்டேன் என்பதை நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் அன்றன்றைக்கு அஸ்ரியாவுக்கு வொய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுவேன். போகப் போக அவளிடமிருந்து கேள்விக்கு மேல் கேள்வி. "ரெண்டே ரெண்டு அறைக்கா அவ்வளவு காசு? நம்மட வீட்டுல நாலு இருக்கே." "கடல் தெரிஞ்சா இன்னும் கூடக் கேப்பாங்களா?" "அட்வான்ஸ் எண்டா, குடிவாறதுக்கு முதலே கையில தந்துடுவாங்களா?" கொழும்பு ஆசை அவளுக்கும் வந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் விபரமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியாகப் போனது வத்தளைப் பக்கம், ஹெந்தலயில். வீட்டுக்காரி யூஜீனியா மிஸ், பென்ஷன் எடுத்த டீச்சர், பிறந்தது சிலாபம். இந்த முறை நான் கருவாட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, "அனே, இது கட்டாக் கருவாடு நே? எந்த ஊர்?" என்றார். கற்பிட்டி என்றேன். கதவு முழுக்கத் திறந்தது. தேத்தண்ணி வந்தது மாமா, வாழைப்பழமும் வந்தது. இரண்டு அறை, தனிக் குசினி, எங்களுக்கென்று தனி வாசல், ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. வாடகை நாற்பதாயிரம், அட்வான்ஸ் ஆறு மாதம். நான் பழக்கத்தில், "வாடகை எழுத்தை என்ட பெண்சாதிட பேர்ல எழுதுங்க. எங்கட பக்கத்துல வீடு எண்டால் பெண்ணுட பேர்லதான்" என்று சொன்னேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முப்பது வருஷமா இந்த வீட்ட வாடகைக்கிக் குடுக்கிறேன். பொம்பளட பேர்ல எழுதுங்க எண்டு கேட்ட முதல் ஆம்பிள நீங்கதான்" என்றார். அந்த இடத்திலேயே அட்வான்ஸ் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாக இறங்கியது. வரும் ஞாயிற்றுக்கிழமை அஸ்ரியா வந்து கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. விபரம் கதைக்கட்டும் என்று இருவருக்கும் மற்றவருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள் மாமா. வாடகை போக என் கையில் எழுபதாயிரம், பாலாவிச் சம்பளத்தை விட அப்போதும் கூட. ஷிம்லாவுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். தொழுகைக்கு மாபோலைப் பள்ளிவாசல் கிட்ட. கற்பிட்டி பஸ் வத்தளையைத் தாண்டித்தான் கொழும்புக்கு வர வேண்டும், நீங்கள் ஏறிய சீட்டில் தூங்கி எழும்பி இறங்கினால் எங்கள் வீடு. வந்தால் எத்தனை நாளும் இருக்கலாம், எத்தனை மணிக்கும் குளிக்கலாம், யூஜீனியா மிஸ்ஸிடம் இதைத் தனியாகக் கேட்டு உறுதிப்படுத்திவிட்டேன். இரவில் படுத்தால் ஜன்னலுக்கு எந்த நிறத்தில் திரை போடுவது என்றே மண்டைக்குள் ஓடுகிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து கனகாலம்.

உங்கள் மனதில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். கற்பிட்டி வீடு. ஒவ்வொரு கல்லாக நீங்கள் நின்று கட்டிய வீடு. "நான் கட்டின வீட்டுல அந்நியன் கால் படக்கூடாது" என்று நீங்கள் ஊரறியச் சொன்னதை நான் மறக்கவில்லை. வாக்குத் தருகிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை உங்கள் தலையணைக்குக் கீழேயே வைப்போம். மாமி மஃரிபுக்கு ஒரு லைட்டைப் போட்டுவிட்டு வந்தால் போதும். ஒரு பூனை கூட உள்ளே போகாது. நீங்கள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால், இந்த மருமகன் ஆயுசுக்கும் உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

மாமிக்கு என் சலாம், முழங்காலுக்கு அந்த எண்ணெயை விடாமல் பூசச் சொல்லுங்கள். ஷிம்லாவுக்கு என் முத்தம். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் ஆஃபியத்தோடும் இருக்க அல்லாஹ் துணை செய்வானாக. உங்கள் துஆவில் இந்த ஏழையையும் அவன் பார்த்து வைத்த இரண்டு அறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.

உங்கள் அன்பு மருமகன்,
மிஹ்லார்.

பி.கு.: உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டேன். றிஸ்வி கையை நீட்டும் நேரம் அஸ்ரியாவின் கோல். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், நம் ஊர்ச் சிரிப்பு இல்லை.

"அங்க ஆரு சிரிக்கிறது?"

"ஜேர்மன்காரங்க. நாலு பேர். பட்டத்தக் கட்டிக்கிட்டுத் தண்ணில ஓடுறாங்களே, அவங்க. புதன்கிழமை வந்தாங்க. நம்மட வீட்டுல ரெண்டு கிழமைக்கி, பதினாலு நாளும் இருப்பாங்க."

"வாப்பா விட்டாரா?"

"வாப்பாதான் காலையில அவங்களப் படகில ஏத்திட்டுப் போய் ஓங்கில் மீன் துள்ளுறதக் காட்டிட்டு வந்தார். உம்மா பாரை மீன் பொரிக்கிறா. முழங்கால் வலி எண்டு ஒண்டும் சொல்லல்ல."

"நீ என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே?"

"வீடு என்ட பேர்லதானே. நீங்கதானே எல்லாம் சொல்லித் தந்தீங்க. கடல் தெரிஞ்சாக் கூடக் கேக்கலாம் எண்டீங்க, கேட்டேன். அட்வான்ஸ முதல்லயே வாங்கோணும் எண்டீங்க, வாங்கிட்டேன்."

ஒரு நாளைக்குப் பதினையாயிரமாம் மாமா. என் ஒரு மாதச் சம்பளத்தை அந்த வீடு எட்டு நாளுக்குள் உழைத்துவிடுகிறது, அதுவும் உப்பைத் தொடாமல். அடுத்த குழுவுக்கும் ஆள் பேசியாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துக்கு வரமாட்டாளாம், யூஜீனியா மிஸ்ஸுக்கும் சொல்லிவிட்டாளாம். அவர் கோபிக்கவில்லையாம், சீசன் முடிந்த பிறகு ஒரு கிழமை கற்பிட்டி வீட்டில் தங்க அறை கேட்டாராம். "நீங்க வந்துடுங்க. தனிய ஓடியாடிப் பாக்க ஏலாம இருக்கு, எனக்கு ஒரு ஆள் வேணும். பாலாவில எடுத்த அதே ஐம்பத்தையாயிரம் நான் தாரேன்" என்கிறாள் உங்கள் மகள். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருப்பதற்குத்தானே இவ்வளவு பாடும். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்; மேலே எழுதியதில் சலாமை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இரண்டு நாளாக என் கோலை ஏன் வெட்டினீர்கள் என்பதும் இப்போது விளங்குகிறது. மாத முடிவில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். ஆனால் கூரை எது என்பதுதான் இப்போது கேள்வி. எங்கள் வீட்டின் நாலு அறையிலும் ஆள். அஸ்ரியாவும் ஷிம்லாவும் இப்போதே உங்கள் வீட்டில்தான் படுக்கிறார்களாம். கல்யாணம் முடித்த புதிதில், அந்த வீட்டுக்குச் சாயம் காயும் வரைக்கும், உங்கள் முன் அறையில் எங்களை வைத்திருந்தீர்கள் நினைவிருக்கும். அந்த அறை இன்னும் எந்த நாட்டுக்காரருக்கும் போகாமல் இருந்தால் எனக்காகப் பிடித்து வையுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், எட்டு மணிக்குப் பிறகு குளிக்க விடுவீர்களா என்பதை மட்டும் றிஸ்வியிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.