கெயின் யாருக்கு?

மூன்றாவது பொத்தானை மிதித்தபோது காலடியில் இருந்த பெட்டி இப்படி மானத்தை வாங்கும் என்று கிடார்காரர் எதிர்பார்க்கவில்லை. அதுவரை பாட்டு அடக்க ஒடுக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவருக்கு ஒரு தனி ஆவர்த்தனம். அதற்குக் கரகரப்பான குரல் வேண்டுமே என்று காலால் ஒரு மிதி மிதித்தார். விருந்து மண்டபமே குலுங்கியது. முன் மேசையில் இருந்த அம்மாள் பழரசத்தை மடியில் கொட்டிக்கொண்டு, கொட்டியது கிடார்காரர்தான் என்பதுபோல முறைத்தார். அதைவிட, கீபோர்டுக்குப் பின்னாலிருந்து வந்த முறைப்புதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவின் லீடர். கிடார்காரருக்கு மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

பெட்டி லீடர் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன் கிடார்காரரிடம் நிஜமான ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது, பீரோ மாதிரி கனம். அந்தப் பீரோவின் குரலையும், அதைப்போல இன்னும் பல ஆம்ப்ளிஃபயர்களின் குரலையும் இந்தப் பெட்டி அச்சு அசலாகப் பேசும். காலால் மிதித்தால் குரல் மாறும்.

"இத்தனூண்டு பெட்டி எல்லாத்தையும் பண்ணும்போது அவ்வளவு பெரிய உருப்படி எதுக்கு மாமா, இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று லீடர் கேட்டார்.

ஆம்ப்ளிஃபயர் பழைய சாமான் கடைக்குப் போனது. கிடார்காரரே கூடப் போய் இறக்கி வைத்துவிட்டு வந்தார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஜன்மம்.

நிகழ்ச்சி முடிந்து வேனில் திரும்பும்போது லீடர் விஷயத்தை உடைத்தார். பெரிய ஓட்டல் ஒன்றில் நிரந்தரமாக வாசிக்க வாய்ப்பு வந்திருக்கிறதாம். ஆனால் மேடை சின்னது, குழுவில் ஒருவர் குறைய வேண்டும். யாருடைய சத்தம் உறுத்தலாக இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள்.

கிடார்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வயதில் வேறு எந்தக் குழு அவரைக் கூப்பிடப் போகிறது? கிடாரை விட்டால் அவருக்கு ஒரு எழவும் தெரியாது. முன் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த புல்லாங்குழல்காரரைப் பார்த்ததும்தான் கொஞ்சம் தெம்பு வந்தது. பாவம், இவர்தான் போவார் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பாவத்தில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கெயின் என்று ஒரு திருகு இருந்தது. சத்தத்துக்கு இங்கிலீஷில் இப்படியும் ஒரு பேர் போலிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டி, அதிர்கிற குரலில் கெயினைக் குறைத்தார். அடங்கிய குரலில் கூட்டினார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கெயின்னா லாபம்தானே? யாருக்கு லாபம்?"

"கிடாருக்கு."

"அதுக்காவது இருக்கட்டும்," என்று அவள் துணியை அலமாரியில் அடுக்கப் போனாள்.

கெயின் என்பது குரல் எவ்வளவு கரகரக்க வேண்டும் என்பதன் அளவு, சத்தத்தின் அளவு இல்லை. இந்த ஞானம் அவருக்கு அடுத்த நிகழ்ச்சியில், நாலு பேர் நடுவில் வந்தது. காதல் பாட்டில் இழைய வேண்டிய கிடார் தொண்டை கட்டிய ஆள் மாதிரி இருமியது. அதிர வேண்டிய இடத்தில் கொசு மாதிரி முனகியது. பாடகி பாட்டை நிறுத்திவிட்டு, கெட்டுப்போனது தன் மைக்தானோ என்று தட்டிப் பார்த்தாள். சத்தத்துக்கு லெவல் என்று தனியாக ஒரு திருகு இருக்கிறது, ஒவ்வொரு குரலுக்கும் கெயின் வேறு லெவல் வேறு என்று லீடர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார்.

சரி, லெவல். ஆனால் காலமெல்லாம் டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற காதை எப்படி நம்புவது? மனைவியைச் சமையலறை வாசலில் நிறுத்திவைத்து ஒவ்வொரு குரலாக வாசித்துக் காட்டினார். இதைக் குறை, அதைக் கூட்டு என்று முதலில் பொறுமையாகத்தான் சொன்னாள். அடுப்பில் வைத்தது அடிபிடித்த வாசனை வந்ததும் பொறுமை போய்விட்டது.

"இப்போ எப்படி இருக்கு?"

"எல்லாம் ஒரே மாதிரி எரிச்சலாத்தான் இருக்கு."

ஒரே மாதிரி என்றதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியே சேமித்துவிட்டார்.

மேடையிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. தனி ஆவர்த்தனம் வந்ததும் யாருக்கும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கண்ணை மூடித் தலையை உலுக்கி உருகிக்கொண்டிருந்தவரிடம் பரிமாறுகிற ஆள் ஒருவர் ஓடி வந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

லீடர் அன்று முறைக்கவில்லை. அதுதான் கிடார்காரரை இன்னும் பயமுறுத்தியது. மறுநாள் வீட்டுக்கே வந்தார், அக்காவிடம் நலம் விசாரித்தார், மாமா தோளில் கை போட்டார்.

"வாசிச்சுக்கிட்டே திருக உங்களுக்கு என்ன மூணு கையா இருக்கு? பெட்டியிலயே பதிவு பண்ற வசதி இருக்கு மாமா. முதல்ல வாசிச்சு ஏத்திருங்க. அதுவே திருப்பி வாசிக்கும், நீங்க ஆற அமரத் திருகலாம். ஒரு பாட்டு விடாம, முழுசா ஏத்திருங்க. எந்த இடத்துல உறுத்துதுன்னு அப்பதான் பிடிபடும்."

இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று கிடார்காரர் தன்னையே நொந்துகொண்டார். அன்றிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். விரல் வழுக்கினால் அழித்துவிட்டு மறுபடியும் வாசித்தார். முறைக்க ஆளில்லாததாலோ என்னவோ, வாழ்நாளில் இப்படி வாசித்ததில்லை. பிறகு பெட்டியை வாசிக்க விட்டு, இழைகிற இடத்தில் கெயினைத் தணித்தார், உறுமுகிற இடத்தில் ஏற்றி லெவலை இழுத்துப் பிடித்தார், தனி ஆவர்த்தனத்தை ஒரு இழை தூக்கலாக வைத்தார். எல்லாம் முடிந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டபோது, நாமா இவ்வளவு நன்றாக வாசிக்கிறோம் என்று கண் கலங்கிவிட்டது.

லீடர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் பாட்டு வரை கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல மாமா. இனிமே மேடையில ஒரு திருகைத் தொட வேண்டியதில்ல."

என் தம்பி உங்களைக் கைவிடுவானா என்று மனைவி பூரித்துப் போனாள். பூரிப்பில் கிடார்காரருக்குத் தருமசிந்தனை பொங்கியது. புல்லாங்குழல்காரருக்குப் போன் போட்டு, மனசைத் தளரவிடக் கூடாது, பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாவது காலத்தை ஓட்டிவிடலாம் என்று நெடுநேரம் ஆறுதல் சொன்னார். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரிண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஓட்டலில் முதல் நாள். தேய்த்த சட்டை, தோளில் கிடார், கையில் பெட்டி என்று கிடார்காரர் வாசலில் தயாராக நின்றார். வேன் வந்து நின்றது. ஜன்னலோரம் புல்லாங்குழல்காரர் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் குழலை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தார். அப்படியானால் கழற்றிவிடப்பட்டது பாடகியா என்று கிடார்காரர் யோசித்தார். நல்ல பெண், பாவம்.

டிரைவர் இறங்கி வந்து பெட்டியைப் பதமாக வாங்கினார். கிடார்காரர் வழக்கமாக உட்காரும் சீட்டில் அதை வைத்து, பெல்ட்டும் மாட்டினார். அடுத்து கிடாரை வாங்கிக்கொள்வார் என்று இவர் தோளிலிருந்து கழற்றி நீட்டினார். டிரைவர் வாங்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"பெட்டியை மட்டும்தான் ஏத்திட்டு வரச் சொன்னாரு சார்."