பதினான்காம் பிளாக்கில் வசந்தம்

லாபு தோட்டம்,
மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் தங்கராஜு அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரோகினியின் கணவன் திருச்செல்வம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இக்கடிதம் உங்களையும் அக்காவையும் நல்ல சுகத்தோடும், முடிந்தால் உட்கார்ந்த நிலையிலும் வந்து சேரட்டும். இங்கே நானும் ரோகினியும் மகள் ஷாமினியும் நலம். புழுக்களும் நலமாகத்தான் இருந்தன, போன வாரம் புதன்கிழமை வரை.

வாட்சப்பில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். என் போனை ரோகினிதான் பார்க்கிறாள். இந்த வீட்டில் அவள் படிக்காத ஒரே எழுத்து என் கையெழுத்துதான், அதுவும் புரியாததால். முப்பத்தாறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் இருந்து, அதில் பாதி தலைமையாசிரியராகவும் இருந்த உங்களுக்குப் புரியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீங்கள் உடனே தெலுக் இந்தானிலிருந்து பஸ் ஏறி வந்து, 'பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போடு' என்று உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் கேட்கிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நான் சொன்னால், "சரிங்க" என்பாள். அதோடு முடிந்தது.

ஷாமினியின் கதை உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளியை மூடி டவுனுக்கு மாற்றியதும், ஏற்கெனவே பேச்சு கொஞ்சம் திக்குகிற பிள்ளை, வகுப்பில் நாலு பேர் சிரித்ததில் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் கடிதம் வைத்து, மனுப் போட்டு, அனுமதி வாங்கி, ரோகினி அவளை வீட்டிலேயே படிக்க வைக்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டுக்குள் நன்றாகவே பேசுவாள். வெளியாள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். தீபாவளிக்கு நீங்கள் வந்தபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினாள். அதுவரைக்கும் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. புகார் ஆரம்பித்தது, இதே மாதிரி வீட்டில் படிக்க வைக்கிற ஆறு குடும்பங்கள் ஒன்று சேர்ந்து குழு அமைத்த பிறகு.

புதன்கிழமைதோறும் பன்னிரண்டு பிள்ளைகள் எங்கள் வீட்டில். குழுவுக்குத் தலைவி லுக்குட்டிலிருந்து வருகிற மார்த்தா. அவர் கணவர் மைக்கல்ராஜ் அங்கே மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷன், எதைக் கேட்டாலும் அன்றைக்கே வெல்டிங் அடித்துக் கொடுத்துவிடுவார். எங்கள் கஷ்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். இவர்கள் எல்லாரும் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து ஒரு பாடப்புத்தகம் வரவழைத்தார்கள். அது என்ன சொல்கிறது என்றால், மார்ச் மாதம் வந்தால் வசந்தகாலமாம். பனி உருகுமாம். பூப் பூக்கிற கிழங்கு நட வேண்டுமாம், பறவை பார்க்க வேண்டுமாம், புழு வளர்த்துப் பட்டாம்பூச்சி ஆக்கிப் பறக்கவிட வேண்டுமாம். நம்ம ஊரில் வெயில் உண்டு, மழை உண்டு, வெயிலடிக்கும்போதே பெய்கிற மழை உண்டு, வசந்தத்துக்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். "பால்மரம் எல்லாம் இலை கொட்டித் துளிர் விடுது, நீங்க தெனமும் அதுக்குக் கீழதான் மோட்டார் ஓட்டுறீங்க, நிமிந்து பாத்தா தெரியும் லா" என்றாள் உங்கள் தங்கை. பார்த்தேன். ரப்பர் மரம் முழுக்கச் செம்புக் கலரில் துளிர் இருக்கத்தான் செய்தது. அதற்குள் மோட்டார் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

அந்தப் பூக்கிழங்குக்கு இங்கே வழியில்லாததால் வெங்காயம் நட்டார்கள். பன்னிரண்டு பிள்ளைக்குப் பன்னிரண்டு கோப்பை, எங்கள் சமையல்கட்டு ஜன்னலில். இரண்டு வாரமாக எங்கள் வீட்டுச் சாம்பாரில் வெங்காயம் கிடையாது, ஜன்னலில் உண்டு. அடுத்த புதன் கடலோர ஆய்வு என்று சி ரூசா கடற்கரைக்குப் போனார்கள். அலை ஏறுகிற நேரத்தைப் பிள்ளைகள் குறிக்க வேண்டும். மைக்கல்ராஜின் வேன் டயர் வரைக்கும் தண்ணீர் வந்த நேரத்தைச் சரியாகக் குறித்தார்கள். எல்லாருக்கும் முழு மார்க். வேனைத் தள்ளியது நானும் அவரும்.

அதன் பிறகுதான் புழு. ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பிட உட்காருகிறேன், அலமாரியில் வலைத்துணி கட்டிய மைலோ டின்கள் ஆறு. எட்டிப் பார்த்தால், காய்ந்த ஓலைத் துணுக்குகளை ஒட்டித் தனக்குத்தானே பை தைத்துக்கொண்டு தொங்குகிற புழுக்கள். மச்சான், நான் செம்பனைத் தோட்டத்து மண்டோர், எண்ணெய்ப் பனைக்குக் கங்காணி மாதிரி. உலாட் புங்குஸ் என்று நாங்கள் சொல்கிற இந்தப் பைப்புழு, விட்டால் ஒரு பிளாக்கையே எரிந்த காடு மாதிரி ஆக்கிவிடும். இதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொல்லத்தான் கம்பெனி என்னை வைத்திருக்கிறது. அது என் வீட்டு அலமாரியில், சீனி டப்பாவுக்குப் பக்கத்தில், நாள் தவறாமல் புது ஓலை தின்று வளர்ந்துகொண்டிருக்கிறது. பெயர் வேறு வைத்திருந்தார்கள்.

"ஏய், இது பட்டாம்பூச்சி இல்ல, இத மொதல்ல தண்ணியில போடுங்க" என்றேன். எட்டு வயசு மார்கஸ், மார்த்தாவின் மகன், அழ ஆரம்பித்துவிட்டான். ரோகினி நிதானமாக ஷாமினியின் நோட்டை எடுத்து வாசித்தாள்: "ஆண் பூச்சிக்கு மட்டும் றெக்கை உண்டு. அது வெளியே பறந்து போய்விடும். பெண் பூச்சி கடைசிவரை பையை விட்டு வெளியே வருவதே இல்லை." வாசிக்கும்போது நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். மூடி திறக்காமல் வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன். எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மாதாமாதம் பிளாக் பிளாக்காக நடந்து புழு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினான்காம் பிளாக்குக்கு ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய் மூன்று மாதமாகிறது. நான் இக்கரையில் மோட்டாரை நிறுத்தி, அங்கிருந்தே பார்த்து, 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா மட்டையும் பச்சைதான். ஆனால் என் வீட்டில் ஒரு குழு, பொறியியல் பாடம் என்று சொல்லி, மைக்கல்ராஜின் பழைய வேன் கதவு இரண்டை வெல்டிங் அடித்து அதே ஓடைக்குப் பாலம் போட்டு, வாராவாரம் அக்கரைக்குப் போய் வந்திருக்கிறது.

போன வாரம் புதன்கிழமை வசந்தவிழா. ஓடைக்கு இந்தப் பக்கம் மிச்சமிருக்கிற பால்மரக் காட்டில் பாய் விரித்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு ஆறு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. சாப்பாடு தூக்குகிற வேலை என்று என்னையும் இழுத்துப் போயிருந்தார்கள். மார்த்தா எழுந்து, "பிள்ளைங்களா, இப்ப நம்ம கூட்டாளிங்களைப் பறக்க விடப்போறோம்" என்றார். ஆறு டின்னும் வரிசையாக வந்தது. நான் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதற்குள், எங்கள் மேனேஜர் தர்மேந்திரனின் ஜீப் வந்து நின்றது. காட்டுக்குள் இத்தனை காடி, வேன் எல்லாம் நிற்கிறதே என்று பார்க்க வந்தவர். முப்பத்திரண்டு வயசு, அதிகம் பேசமாட்டார், அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

அவர் நேராக வந்து ஒரு டின்னை எடுத்துப் பார்த்தார். "இது யாரோடது?" என்றார்.

"அங்கிள், அது ஜேம்ஸ்" என்றான் மார்கஸ்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மண்டோர், இது என்னான்னு தெரியுதா?"

"தெரியுது சார்."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

என்ன சொல்ல, மச்சான். "தோட்டத்துக்கு வெளிய எங்கேயாவது கம்பத்து வீடுங்க பக்கம் பிடிச்சிருப்பாங்க சார்" என்றேன். அப்போது என் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"இ... இல்ல."

ஷாமினி. நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ப... ப... ப..." என்றாள். அவள் திக்கும்போது அந்த வார்த்தையை நான்தான் முடித்துக் கொடுப்பேன், அது என் பழக்கம். வாயைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், 'பத்தாம் பிளாக்' என்று முடித்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, அது வேறொரு மண்டோருடைய பிளாக். ரோகினி என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், பத்து நாள் தைலம் தேய்க்கிற பிடி. நான் வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போக வேண்டியதில்லை என்கிற மாதிரி நின்றார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

"பதினாலாம் பிளாக்" என்றாள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை, மச்சான். நடுநடுவே தட்டியது, காத்திருந்து காத்திருந்து சொன்னாள். முதல் வரிசையில் ஒரு மட்டைக்கு ஐந்து புழு, மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு, ஓடைக் கோடியில் இருபது, எந்தத் தேதி, காலையா மாலையா, எல்லாம். ஒன்றரை வருஷமாக வெளியாளிடம் ஒரு முழு வாக்கியம் பேசாத பிள்ளை, தன் அப்பன் சம்பளம் வாங்குகிற ஆளிடம் கால் மணி நேரம் பேசினாள்.

மேனேஜர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்பா அங்க போவாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, அது பாடத்திட்டத்தில் இல்லை. "ஓ... ஓடை வரைக்கும் போவாரு. அங்கேர்ந்து பாப்பாரு" என்றாள்.

டின்களை மேனேஜரிடம் ஷாமினியே எடுத்துக் கொடுத்தாள். மார்கஸ் அழுததால், ஜேம்ஸை மட்டும் மூடி திறக்காமல் ஆபீசில் வைத்துப் பார்ப்பதாக மேனேஜர் ஒத்துக்கொண்டார். நோட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "மண்டோர், நாளைக்குக் காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுத்து முடிஞ்சதும் ஆபீசுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ என் கையில் நாசி லெமாக் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். நெத்திலியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆபீசில் என் ரிப்போர்ட்டையும் அவள் நோட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "உங்களுது ஒரு வரி. பிள்ளையோடது பதினோரு பக்கம்" என்றார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ வேலையில் எனக்கு முதல் கடிதம். பிறகு பதினான்காம் பிளாக் முழுவதையும் நானே மூன்று நாள் வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன். வேன் கதவுப் பாலம் பிள்ளைகள் எடைக்குப் போட்டது, என் எடைக்கு இல்லை. ஓடையில் ஆழம் இடுப்பளவு என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் தெரிந்துகொண்டேன். நல்ல வேளை, மருந்து அடிக்க நேரமிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பிளாக்கே போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும் என்று மேனேஜர் சொன்னார். அந்த வகையில் பிள்ளை என்னைக் காப்பாற்றினாள் என்று ரோகினி சொல்கிறாள். மாட்டிவிட்டதும் அவள்தானே என்றால், "அதெல்லாம் ஒரே பாடம்தான்" என்கிறாள்.

ஆகவே மச்சான், நிலைமை உங்களுக்கு விளங்கியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும், அப்பன் வேலையைத் தணிக்கை செய்யாது. அடுத்த மாதம் இந்தக் குழு மழைநீரை அளக்கப்போகிறதாம். மழை என்று எழுதி நான் லீவு போட்ட நாட்களை இப்போதே காலண்டரில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவின் முட்டிவலிக்கு எங்கள் அன்பான விசாரிப்பு. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லா நலமும் கிடைக்க முருகனை வேண்டிக்கொண்டு, முழங்கை வலியோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
திருச்செல்வம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று திங்கள், பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று ஷாமினியோடு லுக்குட் போயிருந்தேன். கடை வாசலில் மோட்டாரை நிறுத்தினதும், "நீங்க இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள். கட்டம் போட்ட நோட்டு வேண்டும் என்று கேட்டாள். லோரி போன சத்தத்தில் கடைக்காரருக்குக் கேட்கவில்லை, என்ன என்றார். அவள் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள். நேரம் ஆயிற்று. நான் இறங்கவில்லை, மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை.

அதனால் மேலே எழுதியதில் நலம் விசாரித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடவும். ரோகினியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் பஸ் ஏறி வருவது மட்டும் நிற்க வேண்டாம், அவசியம் வாருங்கள், புதன்கிழமை இருக்கிற மாதிரி வாருங்கள். மழை அளப்பதைப் பற்றி ஷாமினி பேசப்போகிறாள். ஒரே ஒரு நிபந்தனையாம். பெரிய மாமா நடுவில் குறுக்கிடக்கூடாது, சந்தேகம் இருந்தால் கையைத் தூக்க வேண்டும். மாமா தலைமையாசிரியராக இருந்தவர் ஆயிற்றே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அ... அதனாலதான்பா" என்றாள்.