அரசர் எண்ணிய பூட்டு

கடலுக்கும் மலைக்கும் நடுவே வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் குடிகளுடைய பிறப்பு, நோய், நிலம் எல்லாவற்றையும் ஓலையில் எழுதி அரண்மனை ஆவணக்கூடத்தில் வைத்திருந்தார்கள். சாளரத்தில் நின்று தன் ஓலையின் எண்ணைச் சொன்னால் உள்ளிருந்து ஒரு கை ஓலையை நீட்டும்.

மருத்துவச்சி மாசாத்தி தன் ஓலையைக் கேட்கப் போனவள், வாய் தவறி வேறோர் எண்ணைச் சொல்லிவிட்டாள். யாரோ ஒரு நெசவாளியின் ஓலை வந்தது. அவனுடைய நோய், நிலம், கைரேகை எல்லாம் அதில் இருந்தன. சந்தேகம் தீர இன்னும் இரண்டு எண்களைச் சொல்லிப் பார்த்தாள். அவையும் வந்தன. நீ யார் என்று அந்தக் கை கேட்கவே இல்லை. மூன்றையும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

அமைச்சர் நன்றி சொல்லி, மோர் கொடுத்து உட்கார வைத்தார். அவள் குடித்து முடிப்பதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

அரசுப் பூட்டை உடைப்பவருக்கு ஏழாண்டுச் சிறை என்று பழைய சட்டம் ஒன்று உண்டு. அதன்படி வழக்கு நடந்தது.

"நான் எதையும் உடைக்கவில்லை ஐயா. அங்கே பூட்டே கிடையாது" என்றாள் மாசாத்தி.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "பூட்டு இருப்பதாக அரசர் எண்ணியிருந்தார். அரசரின் எண்ணமே பூட்டு. அதைத்தான் இவள் உடைத்திருக்கிறாள்."

மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி வெகுநேரம் சுவடியைப் புரட்டினார். முதல் ஓலை வாய் தவறி வந்தது, அதை மன்னிக்கலாம் என்றார். மாசாத்திக்கு மூச்சு வந்தது.

"ஆனால் மற்ற இரண்டையும் தெரிந்தே கேட்டிருக்கிறாள். அரசாங்கத்தில் குறை இருக்கிறதா என்று அறிய விரும்பியதே குற்ற நோக்கம். ஏழாண்டு."

மாசாத்தி கேட்டாள்: "நான் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தால்?"

"வழக்கே இருந்திருக்காது" என்றார் நீதிபதி.

கூடியிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே அயலூர் ஆட்கள் சிலர் வண்டிகளோடு வந்து, சாளரத்தில் எண்களை வரிசையாகச் சொல்லிக் கூடை கூடையாக ஓலைகளை வாங்கிப்போனார்கள். வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாயிற்காவலனோ வண்டிகளுக்கு வழிவிட்டு நின்றான்.

ஓராண்டு கழித்து, சிறைக்குள் இருந்த மாசாத்தியின் காதிலும் விழும்படி முரசறைந்தார்கள். தீர்ப்புக்குப் பின் ஆவணக்கூடத்தில் குறை இருப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆகவே உலகிலேயே பாதுகாப்பான நாடு வேங்கைநாடுதான்.

அன்று காலை அண்டை நாட்டுச் சந்தையில் வேங்கைநாட்டு ஓலைகள் கட்டுக்கட்டாக ஏலத்துக்கு வந்திருந்தன. முதல் கட்டில் மேலாக இருந்தது அரசருடைய ஓலை.