ஓரத்துச் சிப்பாயை நகர்த்திய வரன்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகளும் நலம். அத்தானுக்கு முட்டிவலி குறைந்ததா?

நீ பரிந்து பேசி அனுப்பிய பையன் ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வந்தான். அவன் வேண்டாம். ஒருவனை எடைபோட ஒரு ஆட்டம் செஸ் போதும் என்பது என் கட்சி, அதனால் பலகையை விரித்து, விருந்தாளி ஆயிற்றே என்று வெள்ளைக் காயைக் கொடுத்து, தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எடுத்ததுமே ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயைத் தள்ளுகிறான்! ஊரே நடுவைப் பிடிக்க அடித்துக்கொள்ளும்போது ஓரமாகப் போகிறவன் எங்கே குடும்பம் நடத்துவது என்று எண்ணி நான் நடுச் சிப்பாயைத் தள்ளினேன். ஓரச் சிப்பாய் காலி செய்த கட்டத்தில் அவன் மந்திரியைக் கொண்டுவந்து வைத்தான். சும்மா நின்ற ஓரச் சிப்பாயை என் மந்திரி அடித்தது; அவன் மந்திரி குறுக்கே பாய்ந்து என் நடுச் சிப்பாயை அடித்தது. ஒன்றுக்கு ஒன்று சரிதானே என்கிறாயா? அவனுக்குப் போனது ஓரம், எனக்குப் போனது நடு, அக்கா! அதோடு விட்டானா, அந்த மந்திரி அங்கிருந்தே மூலையில் நிற்கும் என் யானையைக் குறிவைத்திருந்தது. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவன் நான், என் கண்ணுக்கு அது தெரியவில்லை. யானை போய், ஆட்டம் முடியும் தறுவாயில் யோசித்துக்கொண்டே, கடைப் பழக்கத்தில், ராணியைக் கையில் எடுத்து லென்ஸ் துணியால் துடைத்துவிட்டேன். தொட்டாயிற்று! எங்கே வைத்தாலும் ராஜா காலி. "பரவால்ல மாமா, துடைக்கத்தான எடுத்தீங்க, அங்கயே வெச்சிடுங்க" என்கிறான். மாமாவாம்! அதற்குள் யார் கூப்பிடச் சொன்னது? நான் போட்ட சட்டம், நானே வீம்புக்கு நகர்த்தித் தோற்றேன்.

உன்னிடம் மறைப்பானேன். அவள் அம்மா போன பிறகு "சாப்டீங்களாப்பா?" என்று கேட்க இந்த வீட்டில் மகள் ஒருத்திதான். அவளையும் அனுப்பிவிட்டு நான் யார் முகத்தைப் பார்ப்பது? ஆகவே சம்மதம் இல்லை, இதுவே முடிவு.

அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மகள் பலகையோடு வந்து எதிரே உட்கார்ந்து, அதே சிப்பாயை நகர்த்தினாள். "அவருக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நான்தான்பா. நல்லா ஆடிட்டு கடைசில தோத்துடுங்கன்னு சொன்னேன், அந்தப் பாதி மட்டும் அவருக்கு வரல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது திங்கட்கிழமை; உறை இன்னும் ஒட்டாமலே கிடக்கிறது. அன்றிலிருந்து என் மனதை மாற்ற தினமும் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து ஆடுகிறாள். மனம் அன்றைக்கே மாறிவிட்டது அக்கா. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, எனக்குச் சம்மதம். ஆனால் அவளிடம் இப்போதே சொல்லிவிடாதே. இன்னும் ஒரு பத்து நாள் ஆடட்டும்.