வேலைக்கு வராத பெரியவர்

யாருக்காவது உதவி செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் எனக்குக் காது கேட்காது. இது பரம்பரை வியாதி இல்லை, நானே தேடிக்கொண்டது.

அன்று காலை திருப்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரியவர் பையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். விபத்தில் அடிபட்டு, அரசு ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிய மகனைப் பார்க்கப் பீகாரிலிருந்து வந்து இறங்கியவர். மகனின் கம்பெனி ஆள் வந்து அழைத்துப்போவார் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வடக்கேயிருந்து பையோடு இறங்குகிறவர்கள் எல்லோரும் வேலைக்குத்தான் வருகிறார்கள் என்பது அன்றைய என் ஞானம். எங்கள் பனியன் கம்பெனியில் அன்று ஷிப்மெண்ட் வேறு. டி-ஷர்ட்டில் நூல் பிசிறு வெட்ட ஆள் இல்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தோம்.

"கம்பெனி?" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "கம்பெனி, கம்பெனி" என்று தலையாட்டினார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். (என்ன ஒரு தாராள மனசு!) ஸ்கூட்டரில் என் தோளைப் பிடித்துக்கொண்டே மண்ணரையில் இருக்கும் எங்கள் கம்பெனி வரை வந்தார்.

அங்கே டேபிளில் உட்கார வைத்து, துணிக் குவியலையும் கத்திரியையும் கொடுத்தேன். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெட்டத் தொடங்கினார். போகிற போக்கில் "ஜல்தி" என்று வேறு சொல்லி வைத்தேன்.

மனைவி கோமதிக்கு போன் செய்து பெருமையடித்தேன்.

"ஏனுங்க, அவரு எதுக்கு வந்தாருன்னு கேட்டீங்களா?"

"பையோட வந்து எறங்குனா வேற எதுக்கு வருவாங்க?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ரிங்கி என்ற பீகார் பெண் அவரோடு பேசினாள். அடுத்த நிமிடம் என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், இவரு வேலைக்கு வரல. இவரு பையன் ஆஸ்பத்திரில, ரொம்ப சீரியஸ்."

"அப்புறம் எதுக்கும்மா வெட்டினாரு?"

அவள் கேட்டுச் சொன்னாள். "டீ வாங்கிக் குடுத்தவரு சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சாராம். முடிச்சா பையன்கிட்ட கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சாராம்."

எங்கள் வீட்டில் இந்தக் கதை இதோடு முடிந்துவிடும். விருந்தாளி யார் வந்தாலும் கோமதி, "எதுக்கு வந்தீங்கன்னு மொதல்ல சொல்லிப் போடுங்க. இல்லீன்னா கத்திரியக் கையில குடுத்துப் போடுவாருங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

மிச்சத்தை நான் வீட்டில் சொன்னதில்லை. ரிங்கியையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாங்கள் போய்ச் சேரச் சற்று முன்புதான் அந்தப் பையனின் உயிர் பிரிந்திருந்தது. காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அப்படியே செத்துப் போகலாம் போலிருந்தது.

பெரியவர் மகனின் தலையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அவர் சட்டையெல்லாம் நூல் பிசிறு. பிறகு என் கைகளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

ரிங்கி அழுதுகொண்டே சொன்னாள். "தெரியாத ஊர்ல நீங்க இல்லைன்னா பையன்கிட்ட வந்தே சேந்திருக்க மாட்டேன்னு சொல்றாரு, சார்."

அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.